பழைய வட்டிலும் இலவசத் தொலைக்காட்சியும்

நம் நாட்டில் பள்ளிக்கூட மாடிகளிலும், பஞ்சாயத்துக் கட்டடங்களின் பின்புறங்களிலும், மூடப்பட்டுவிட்ட கேபிள் நிலையங்களின் முற்றங்களிலும் துருவேறிக் கிடக்கும் பெரிய டிஷ் ஆன்டெனாக்களைக் காணாத கள ஊழியர் இருக்கமாட்டார். சில இடங்களில் அவற்றில் மிளகாய் காய்கிறது. சில இடங்களில் கோழிகள் அடைகின்றன. தளவாடப் பதிவேட்டில் ‘உபயோகமற்றது’ என்று எழுதப்பட்டு, ஏலத்தை எதிர்நோக்கி ஆண்டுக்கணக்கில் அவை நிற்கின்றன. அவ்வாறு எழுதுவதற்கு முன்னர் ஒரு பகற்பொழுதைச் செலவிட்டு அவற்றைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும் என்பதும், அச்சோதனைக்கு ஓர் உயர்நிலைப் பள்ளியின் விஞ்ஞான ஆசிரியரே போதும் என்பதும் இக்கட்டுரையாளனின் கருத்து.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஹிந்தி வழங்கும் ஊர்களில் இதனைச் ‘சத்ரி’, அதாவது குடை, என்கின்றனர். அழகிய பெயர்தான்; எனினும் குடை கவிழ்ந்திருப்பது, இதுவோ வானை நோக்கி நிமிர்ந்திருப்பது. தட்டு என்றாலோ தட்டையாகிவிடுகிறது. குழிந்த உண்கலத்திற்கு வட்டில் என்னும் பழஞ்சொல் நம்மிடம் இருப்பதால் இங்கு அதனையே ஆளுவோம்.

இவ்வட்டில் இந்தியக் கிராமத்திற்குப் புதியதன்று. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் 1976ஆம் ஆண்டு ஜூலை இறுதி வரை, ‘சைட்’ என்ற சுருக்கப் பெயரால் வழங்கிய செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. அமெரிக்கர்களின் ஏ.டி.எஸ்.-6 என்னும் கோளின் வாயிலாக, ஆந்திரம், பீஹார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிஸ்ஸா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்கள் நிகழ்ச்சிகளை நேரே பெற்றன. அக்கிராமங்களில் நிறுத்தப்பட்டவை 3 மீட்டர் அகலமுள்ள வட்டில்கள். அவற்றின் பரப்போ கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலை. அத்துணை எளிய பொருள் எவ்வாறு போதுமானதாயிற்று என்பதை அறிந்துகொண்டால், இன்று நம் முற்றத்தில் கிடப்பது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதும் தானே விளங்கிவிடும்.

வலையின் கண் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை அலைநீளமே தீர்மானிக்கிறது. கண்ணின் அகலம் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாதிருந்தால், அலைக்கு வலையும் ஒரு முழுத் தகடுபோலவே தோன்றும். சைட் சோதனையில் கோள் அனுப்பிய அலை 860 மெகாஹெர்ட்ஸ். அதன் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். எனவே கோழிவலை தாராளமாகப் போதும். கேபிள் நிலையங்களின் பெரிய வட்டில்கள் வாங்கும் ‘சி’ பட்டை அலையின் நீளம் ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர்; ஆகவே அவற்றின் வலைக்கண் 7 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். இன்று வீட்டுக் கூரைகளில் காணும் சிறு வட்டில்கள் ‘கே.யு.’ பட்டைக்குரியவை. அங்கு அலையின் நீளம் 2.5 சென்டிமீட்டரே, வலைக்கண் இரண்டு மில்லிமீட்டரைச் சிறிது தாண்டினும் இடர்தான். ஆதலின் அவை முழுத் தகட்டால் செய்யப்படுகின்றன. பழைய வலை வட்டிலில் கே.யு. பட்டையின் வாங்கியை மாட்டிவிட்டுப் படம் வரவில்லை என்று வருந்துவோர் பலர். அது வட்டிலின் குற்றமன்று.

வட்டிலின் உயிர் அதன் வடிவத்தில் இருக்கிறது. பரவளைவு என்று வகுப்பில் கற்பிக்கிறோமே, அதுவே இது. தொலைவிலிருந்து இணையாக வரும் அலைகளை ஒரே புள்ளியில் குவிப்பது அதன் இயல்பு, இவ்வியல்பு பழையதாவதில்லை. பழையதாவன குவியத்தில் அமர்ந்துள்ள எல்.என்.பி. என்னும் வாங்கியும், கம்பியும், உள்ளே இருக்கும் பெட்டியுமே. இம்மூன்றையும் மாற்றலாம். ஆனால் வடிவம் கெட்டிருந்தால் இவற்றை மாற்றியும் பயனில்லை. ஆதலின் சோதனையை வடிவத்திலிருந்து தொடங்குக.

விளிம்பின் ஒரு முனையிலிருந்து எதிர்முனைக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டுக. அதற்குச் செங்குத்தாக மற்றொரு நூலைக் கட்டுக. நடுவில் இரு நூல்களும் ஒன்றையொன்று மெல்லத் தொட்டால் விளிம்பு கோணவில்லை என்று கொள்ளலாம். விரற்கடை இடைவெளி தென்பட்டால் எங்கோ ஒரு தாங்குகால் வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்த வேண்டும். அடுத்து, நூலின் நடுவிலிருந்து வட்டிலின் அடிவரை ஆழத்தை அளக்க. விளிம்பின் குறுக்களவைத் தன்னாலேயே பெருக்கி, ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுத்தால் குவியத் தொலைவு கிடைக்கும். குறுக்களவு 240 சென்டிமீட்டரும் ஆழம் 40 சென்டிமீட்டரும் ஆயின், 57,600ஐ 640ஆல் வகுக்க 90 சென்டிமீட்டர் வருகிறது. வாங்கியின் வாய் அடியிலிருந்து அத்தொலைவில் நிற்கவேண்டும். வகுப்பில் பரவளைவைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் ஆசிரியர், ஒருமுறை மாணவர்களை முற்றத்திற்கு அழைத்துச் சென்று இதை அளக்கச் சொன்னால் அப்பாடம் அவர்களுக்கு மறவாது. (முற்றத்திற்கு என்றேன், மாடியில் இருக்கும் வட்டிலுக்கு மாணவரை ஏற்றவேண்டா.) கிழிந்த வலையை அலுமினிய வலையால் ஒட்டுப்போடலாம், துருவைச் சுரண்டி மங்கலான வண்ணம் பூசலாம். பளபளக்கும் வண்ணம் கூடாது. அது வெயிலையும் வாங்கியின்மேல் குவித்து அதனை உருக்கிவிடும்.

வடிவம் நன்றாக இருந்தும் படம் வராததற்குப் பெரும்பாலும் காரணம் கம்பியின் இணைப்பில் புகுந்த மழைநீரே. ஆதலின் பழைய கம்பியைச் சோதிப்பதில் நேரத்தைப் போக்காமல் புதிது போட்டு, வெளியிலுள்ள இணைப்புகளை நீர் புகாவண்ணம் சுற்றிவிடுவதே சிக்கனம். பழைய பெட்டி உதவாது. ஒப்புமை முறையில் ஒளிபரப்பான காலத்துப் பெட்டி இன்றைய எண்ணியல் அலையை அறியாது; முதல் தலைமுறை எண்ணியல் பெட்டியும் எம்பெக்-4 முறையில் சுருக்கி அனுப்பப்படும் நிகழ்ச்சிகளைக் காட்டாது. புதுப் பெட்டி வாங்கியின் உள்ளலை எண்ணைக் கேட்கும். சி பட்டைக்கு 5150 என்றும், கே.யு. பட்டையின் பொதுவகை வாங்கிக்கு 9750, 10600 என்றும் தருக.

அண்மையில் மற்றோர் இடையூறும் தோன்றியுள்ளது. 2022ஆம் ஆண்டு ஏலத்தில் 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள் ஐந்தாந் தலைமுறைக் கைப்பேசிச் சேவைக்கு அளிக்கப்பட்டன. பழைய சி பட்டை வாங்கிகளுள் பல 3400 முதல் 4200 வரை வாய்திறந்து நிற்பவை. அருகில் கைப்பேசிக் கோபுரம் எழுந்தால், அதன் உரத்த குரல் செயற்கைக்கோளின் மெல்லிய குரலை மூழ்கடித்துவிடும். நேற்றுவரை படம் காட்டிய வட்டில் திடீரென்று ஊமையானால் முதலில் கோபுரத்தைத் தேடுக. 3700க்கு மேலுள்ளவற்றை மட்டும் ஏற்கும் வாங்கியோ, இடையில் மாட்டும் வடிகட்டியோ இதற்கு மருந்து.

இனி, எதற்காக இத்தனை உழைப்பு என்ற கேள்வி எழும். தூர்தர்ஷனின் இலவச நேரடிச் சேவை 2004ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. இப்போது அது டி.டி. ஃப்ரீ டிஷ் என வழங்குகிறது. மாதக் கட்டணம் எதுவும் இல்லை. இச்சேவையைத் தரும் ஜிஸாட்-15 என்னும் கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. அதே கோளிலிருந்துதான் 2017இல் 32 அலைவரிசைகளுடன் தொடங்கிய ஸ்வயம் பிரபா கல்வி நிகழ்ச்சிகளும் வருகின்றன. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்புக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பி.எம். இ-வித்யா அலைவரிசைகள் அமைந்தன; 2022ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இவற்றை 200ஆகப் பெருக்கும் அறிவிப்பு வந்தது.

கைப்பேசி இருக்கும்போது வட்டில் எதற்கு என்பார் உளர். ஒரே கைப்பேசியுள்ள வீட்டில், தந்தை அதை எடுத்துக்கொண்டு வயலுக்குச் சென்றபின் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நாற்பது பிள்ளைகள் அமரலாம். நாற்பதாவது பிள்ளைக்கென்று தனிச்செலவு இல்லை. கோபுரத்தின் அலை எட்டாத மலைச்சரிவிலும் தென்கிழக்கு வானம் திறந்திருந்தால் போதும். இவ்வளவையும் வானிலிருந்து இலவசமாகப் பொழிந்துவிட்டு, கீழே ஏந்தும் கலத்தைக் குப்பையென்று ஏலம் விடுவது பொருத்தமாகத் தோன்றவில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டை மறைக்காமல் சொல்லவேண்டும். மேற்கண்ட பாட நிகழ்ச்சிகள் கே.யு. பட்டையில் வருபவை, பெரிய வலை வட்டிலால் அவற்றைப் பெற முடியாது. அவற்றிற்கு உகந்தது, கட்டணம் செலுத்தாமல் நின்றுபோன தனியார் சேவையின் சிறு தகட்டு வட்டில். அதனைக் கழற்றி 93.5 பாகைக்குத் திருப்பினால் வட்டிலும் வாங்கியும் பெரும்பாலும் அப்படியே உதவும். பெட்டி மட்டும் புதிது வேண்டும். எல்லாம் புதிதாக வாங்கினாலும் இரண்டாயிரம் ரூபாய் அளவில் முடியும் என்பதால், பழையதைத் திருப்புவது அதனினும் மலிவு. பெரிய வலை வட்டிலுக்கு வேறு தொழில் உண்டு. தூர்தர்ஷனின் பல அலைவரிசைகள் சி பட்டையிலும் கட்டணமின்றி வருகின்றன. கனமழையில் கே.யு. அலை மங்கிவிடும், சி அலை அவ்வளவாக மங்குவதில்லை. மேகாலயம் போன்ற மழைநாடுகளில், புயல் எச்சரிக்கையும் செய்தியும் மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே சிறு வட்டில் கண்மூடிக்கொள்கிறது, பெரியது விழித்திருக்கிறது. அத்தகைய ஊர்களில் பெரிய வட்டிலை விற்பது தவறு என்றே சொல்வேன்.

பெற்றதை ஊராருக்குக் கம்பி இழுத்துக் கட்டணத்திற்கு விநியோகிப்பது வேறு விஷயம். அதற்கு 1995ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சிச் சட்டப்படி பதிவு வேண்டும்.

திசை வைப்பதுதான் பலருக்கும் அச்சம் தருவது. அச்சத்திற்குக் காரணம் கலையின் அருமையன்று. சொல்லிக்கொடுக்கும் ஏடு இன்மையே. மொழிபெயர்ப்புத் தொழிலில் என் மேசைக்கு வந்த கையேடுகள் பலவற்றில், ‘திறவாதீர்’, ‘தொடாதீர்’, ‘அங்கீகாரம் பெற்றவரை அழையுங்கள்’ என்னும் பக்கங்களே மொழிபெயர்க்கக் குறிக்கப்பட்டிருந்தன. கோண அட்டவணையுள்ள பக்கம் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது. இது தலைகீழாக இருக்கவேண்டும். வட்டார மொழிகளில் முதலில் அச்சேற வேண்டியது அந்த அட்டவணை. அதிலுள்ளது இவ்வளவே: 93.5 பாகைக் கோளுக்கு ஒரிஸ்ஸாவின் சம்பல்பூரில் நேர் தெற்கிலிருந்து கிழக்கே 25 பாகை திரும்பி, தரைமட்டத்திலிருந்து 63 பாகை நிமிரவேண்டும். ஜெய்ப்பூரில் கிழக்கே 35, நிமிர்வு 53. ஷில்லாங்கில் ஏறத்தாழ நேர் தெற்கே, நிமிர்வு 60. இவ்வாறு மாவட்டத்திற்கு ஒரு வரி எழுதி ஒரே தாளில் அச்சிட்டால் நாடு முழுவதற்கும் அடங்கிவிடும்.

சிறு வட்டிலைப் பார்த்தவர்கள் அது செங்குத்தாகச் சுவரைப் பார்ப்பதுபோல் நிற்பதைக் கண்டு ஐயுறுவதுண்டு. அதன் வாங்கி நடுவில் இராமல் கீழே ஒதுங்கியிருப்பதால், முகம் காட்டும் திசைக்கு 20 முதல் 27 பாகை வரை மேலே அது நோக்குகிறது. பெரிய வட்டிலோ முகம் காட்டும் திசையையே நோக்கும். 240 சென்டிமீட்டர் வட்டிலின் பார்வை சி பட்டையில் ஏறத்தாழ இரண்டு பாகை அகலமுள்ளது. ஆதலின் தச்சரின் கோணமானியும் ஒரு திசைகாட்டியும் போதும்.

கருவி எதுவும் கைவசம் இல்லாதவர்க்கு ஆண்டில் இருமுறை சூரியனே உதவுகிறான். மார்ச் 10ஆம் தேதியை ஒட்டியும், அக்டோபர் முதல் வாரத்திலும், சூரியன் சில நிமிடங்கள் இக்கோளுக்கு நேர் பின்னே வந்து நிற்கிறான். நாம் சொன்ன ஊர்களில் அது மார்ச்சில் முற்பகல் 11.20 மணியை ஒட்டியும் அக்டோபரில் 11 மணியை ஒட்டியும் நிகழும். அப்போது பெரிய வட்டிலில் வாங்கியின் நிழல் நடுமையத்தில் விழுந்தால் திசை சரி. விலகி விழுந்தால் மையத்தில் விழும்வரை வட்டிலைத் திருப்பி ஆணிகளை முடுக்கிவிடலாம். அன்று மேகம் மூடியிருப்பின் மறுநாள் அதே நேரத்தில் பார்க்கலாம். ஒரு நாளில் சூரியன் வடக்கு தெற்காக நகர்வது அரைப் பாகைக்கும் குறைவே.