அறிவு குன்றியோரும் உணர்ச்சிக் கல்வியும்

நெய்யூர் என்றவுடன் அதன் வைத்தியசாலையை நினையாதார் இலர். 1838-ம் வருஷத்தில் டாக்டர் ராம்சே இவ்வூரில் தொடங்கிய வைத்திய ஊழியத்தை நம் கலாசாலை மாணாக்கர் யாவரும் அறிவர். ஆயின், மருந்தினால் மாற்றவொண்ணாத குறையுடையவராய், நோயாளர் என்று சொல்லவும் தகாதவராய், நம் தெருக்களில் வாழ்வோர் சிலருளர். அறிவு வளர்ச்சி குன்றியோரைப்பற்றியே கூறுகின்றேன்.

யான் அறிந்த அத்தகைய வாலிபர் ஒருவர் முப்பது வயது கடந்தவர். பேச்சோ ஏழு வயதுப் பாலகனுடையது. அவருடைய தாயார் காலஞ்சென்றபோது, அடக்கம் முடியுமட்டும் உறவினர் அவரை அயல்வீட்டில் பலகாரம் கொடுத்து இருத்தினர். ‘அவனுக்கு என்ன தெரியும்? கண்டால் பயப்படுவான்’ என்றனர். அன்பினாற் செய்ததே அது. அதன்பின் பல வாரம் அந்தி சாயும்போதெல்லாம் அவர் திண்ணையிலிருந்து, ‘அம்மை எப்போ வருவா?’ என்று போவோர் வருவோரை வினவுவார். ‘நாளைக்கு வருவா மக்களே’ என்போம். யானும் அவ்வாறு சொன்னவனே. பின்னர் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்; தட்டை எறியவும் அண்ணியாரை அடிக்கவும் தொடங்கினார். வியாதி முற்றிற்று என்றனர் பலர். துக்கம் என்று சொன்னார் ஒருவருமில்லை.

துக்கம், கோபம், அச்சம், நாணம் என்னும் இவற்றைத் தம்முள் அறிந்து பெயரிடவும், அடக்கியாளவும், பிறர் முகக்குறிப்பை உணரவும், நட்புப் பேணவும், ஆராய்ந்து முடிவு செய்யவும் முறையாகப் பயிற்றுதலையே இக்காலத்தார் சமூக உணர்ச்சிக் கல்வி என்பர். 1994-ல் அமெரிக்காவில் இதற்கெனவே ஒரு சங்கம் தோன்றியது. கணக்குக்கூட வாராதவருக்கு இஃது எங்ஙனம் வரும் என்று ஐயுறுவர் சிலர். கணக்கு வாராதவருக்குத் தாய் இறந்த துயர் வாராதிருந்ததா?

வழியில்லாமலும் இல்லை. ரோமாபுரியில் மரியா மாண்டிசோரி அம்மையார் முதன்முதல் கற்பித்தது இத்தகைய குழந்தைகளுக்கே. அவர் 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். குறையுடையார்பொருட்டுப் பிறந்த முறை இன்று பெரும்பாலும் பொருளுடையார் வீட்டுப் பிள்ளைகளுக்கே எட்டுகிறது என்பது வேறு கதை. பிற்காலத்தில் அதே சென்னையில், விஜய் ஹ்யூமன் சர்வீசஸ் நிலையத்தைச் சேர்ந்த ஜெயச்சந்திரன், விமலா என்னும் இருவர், உண்ணல், உடுத்தல், எண், காசு முதலாகப் பதினெட்டுத் துறைகளில், துறைக்கு இருபதாக 360 செயல்களை வகுத்தனர். ‘இன்னது செய்யமாட்டான்’ என்னாமல் ‘இன்னது செய்கிறான்’ என்றே ஒவ்வொன்றும் எழுதப்பட்டமை போற்றற்பாலது. பிறரோடு பழகுதலும் அவற்றுள் ஒன்று. ஆயினும், தன் உள்ளத்தைத் தான் அறிதற்கெனத் தனித் துறை அதில் இல்லை. பொத்தானிடவும் காகிதப்பை ஒட்டவும் கற்பிக்கும் நாம் இதனைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம் என்பதே என் குறை.

தள்ளியதனால் வரும் கேடு பெரிது. ‘சொன்னபடி கேட்பான், சமர்த்து’ என்பதே இவர்களுக்கு நாம் வழங்கும் நற்சாட்சி. யார் என்ன சொல்லினும் கேட்குமாறு இருபது வருஷம் பழக்கப்பட்ட பெண், தீயோன் ஒருவன் கைப்பற்றியபோது மட்டும் ‘மாட்டேன்’ என்று சொல்ல எங்கே கற்பாள்? மறுக்கவும், ஓடி வந்து சொல்லவும் பயிற்றாத கல்வி அவளை ஆபத்திலேயே விடுகிறது. 2016-ம் வருஷத்துச் சட்டம் இவர்களுக்குச் சமவுரிமையும் கொடுமையினின்று காவலும் உண்டென்கிறது. அந்தக் காவலை அழைக்கும் சொல்லை வீட்டில்தான் கற்பிக்கவேண்டும்.

கற்பிக்கும் வகை அரிதன்று, பொறுமைதான் அரிது. கண்ணாடியில் முகங்காட்டி ‘இது கோபம்’ எனலாம். நாள்தோறும் ஒரே சொல்லையே வழங்கவேண்டும். இன்று கோபம், நாளை சினம் என்றால் குழம்புவர். அறையிற் கற்றது கடைத்தெருவில் தானே வாராது. ஆகையால் கடைத்தெருவிலேயே மீண்டும் பழக்கவேண்டும். மரணத்தை ‘தூங்குகிறாள்’, ‘ஊருக்குப் போனாள்’ என்று மறைத்தல் ஆகாது.

மேற்சொன்ன வாலிபரை அவர் தமக்கையின் மகள் ஒருநாள் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று, ‘மாமா, அம்மாச்சி செத்துப்போனா, இனி வரமாட்டா’ என்றாள். அவர் அழுதார். நெடுநேரம் அழுதார். மறுவாரம் தாமே பூப்பறித்து நின்றார். தட்டெறிதல் முற்றும் நின்றதென்று சொல்லேன், குறைந்தது.

நம் கலாசாலைச் சேவைக் குழுவினர் வருஷந்தோறும் கிராமங்களுக்குச் சென்று பாதை செப்பனிடுகின்றனர், நன்றே. அவருள் பத்துப்பேர் வாரத்தில் ஒரு மாலையேனும் இத்தகைய ஒருவரோடு கடைக்குச் சென்று, பேசி, விளையாடி வருவாராயின், வரும் வருஷத்து மலரில் அதன் விவரத்தை அவர்களே எழுதக் காண விழைகின்றேன்.