ஆய்வேடு எழுதும் நம் பிள்ளைகளும் வட்டிக் கணக்கும்

நிறுவன நிதியியலில் முதுகலை ஆய்வேடு எழுத முனைவோருக்குப் பல பல்கலைக்கழகங்களில் ஒரு கருத்தரங்க வகுப்பு நடைபெறுகிறது. வாரம் ஒருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து வந்து முன்வைப்பார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பருவ இறுதிக்குள் ஒவ்வொருவரும் தம் ஆய்வுத் தலைப்பை வகுத்துக்கொள்ள வேண்டும். இவ்வகுப்பில் அமரும் நம் சமுதாய மாணவர்களிடம் இரு போக்குகளைக் காண்கிறோம். பாடம் முழுவதும் வட்டியிலேயே நிற்கிறது என்று ஒதுங்கிக்கொள்வது ஒன்று. இஸ்லாமிய வங்கியியல் பற்றிய விழிப்புணர்வு என்றொரு தலைப்பை எடுத்து, நூறு பேரிடம் வினாத்தாளைக் கொடுத்து, முன்பே தெரிந்த முடிவை அட்டவணையாக்குவது மற்றொன்று. இரண்டினாலும் சமுதாயத்திற்குப் பயனில்லை என்றே கருதுகிறோம்.

ஒதுங்குவோரின் அச்சத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வட்டியை உண்பவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்பவர் ஆகியோரை நபி (ஸல்) அவர்கள் சபித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆனால் அந்த எச்சரிக்கை வட்டி ஒப்பந்தத்தில் பங்கேற்பதைப் பற்றியது. அது எப்படி இயங்குகிறது என்று அறிவதைப் பற்றியதன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவத்தோடு கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். படித்த பின் எந்த வேலையில் சேரலாம் என்பது வேறு கேள்வி. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை.

உண்மையில் அவ்வகுப்பில் நம் மாணவர் கூனிக் குறுகி அமர வேண்டிய அவசியமே இல்லை. ஃபிராங்கோ மொடிலியானியும் மெர்ட்டன் மில்லரும் 1958இல் எழுதிய கட்டுரை இத்துறையின் அரிச்சுவடி. வரியும் திவால் செலவும் இல்லாத சீரான சந்தையில், ஒரு நிறுவனம் கடனால் இயங்குகிறதா, பங்கு முதலால் இயங்குகிறதா என்பது அதன் மதிப்பை மாற்றாது என்பதே அதன் சாரம். 1963இல் அவர்களே அதைத் திருத்தினர்: கட்டும் வட்டியைச் செலவாகக் கழித்துக்கொள்ள வரிச்சட்டம் இடமளிப்பதால் கடனுக்கு ஒரு சாதகம் உண்டு என்றனர். இந்திய வருமான வரிச் சட்டமும் தொழிலுக்கு வாங்கிய கடனின் வட்டியைக் கழிக்க விடுகிறது. பங்குதாரருக்குத் தரும் ஈவுத்தொகையை விடுவதில்லை. ஆகக் கடனின் கவர்ச்சியில் கணிசமான பகுதி சட்டம் தந்த சலுகை. வட்டியின்றித் தொழில் வளராது என்று நம்மவரே சொல்லும் நாளில், இந்தச் செய்தி நம் மேடைகளுக்கு ஏன் இன்னும் வந்து சேரவில்லை?

அதே வகுப்பில் நமக்குக் கசப்பான பாடமும் உண்டு. பிறர் முதலைக் கையாளும் நிர்வாகி தம் நலனையே முதலில் பார்க்கக்கூடும். அவரைக் கண்காணிக்க ஆகும் செலவும், கண்காணித்தும் தடுக்க முடியாத இழப்பும் உண்டு என்று ஜென்சனும் மெக்லிங்கும் 1976இல் விளக்கினர். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைத்து, லாபத்தைப் பங்கிடும் முளாரபாவுக்கு இது அப்படியே பொருந்தும். உழைப்பவர் லாபத்தைக் குறைத்துக் காட்டினால் முதலாளிக்கு எப்படித் தெரியும்? இஸ்லாமிய வங்கிகள் பெரும்பாலும் முளாரபாவைத் தவிர்த்து, பொருளை வாங்கி லாபம் வைத்துத் தவணைக்கு விற்கும் முராபஹாவையே நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தவணைக் கடனை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்லும் அல்பகறாவின் 282ஆம் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம். மனித இயல்பை அறிந்த இறைவனின் கட்டளை அது. நாமோ தாடியையும் தொப்பியையும் கண்டு கையெழுத்தின்றிப் பணத்தைக் கொடுக்கிறோம்.

கொடுத்ததன் விளைவையும் பார்த்துவிட்டோம். ஹலால் முதலீடு என்ற பெயரில் முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பைத் திரட்டிய பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தபோது, ஆயிரக்கணக்கானோர் புகார் மனுவோடு வரிசையில் நின்றனர். மகளின் திருமணத்திற்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்த பணம் அது. வியாபாரத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும். மாதந்தோறும் குறையாமல் வரும் ‘லாபம்’ ஐயத்திற்குரியது. தரப்படும் தொகை விற்பனையிலிருந்து வருகிறதா, புதிதாகச் சேர்ந்தவரின் முதலிலிருந்து வருகிறதா என்பதைப் பணவரவு அறிக்கையிலிருந்து தேடிப் பார்க்கும் பயிற்சியே அக்கருத்தரங்க வகுப்பில் கிடைக்கிறது. ஒவ்வொரு ஜமாஅத்திலும் இப்பயிற்சி பெற்ற ஒருவர் இருந்து, கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்!

ஆய்வுக்குத் தலைப்பா இல்லை? பங்குகளை ஷரீஅத் அடிப்படையில் வடிகட்டும்போது, வட்டிக் கடன் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது ஆஃபி அமைப்பின் தரநிலை. எம்.எஸ்.சி.ஐ. இஸ்லாமியக் குறியீடோ மொத்தச் சொத்தை அளவுகோலாக வைக்கிறது. முதல் முறையில், கடன் ஒரு ரூபாய்கூடக் கூடாத நிலையிலும் சந்தை விழுந்தால் நேற்று ஆகுமான பங்கு இன்று ஆகாததாகிவிடலாம். இரு முறைகளையும் பத்தாண்டு இந்திய நிறுவனக் கணக்குகளில் பொருத்திப் பார்த்து ஒரு மாணவி ஆய்வேடு எழுதினால், அது ஃபத்வா வழங்கும் ஆலிம்களின் மேசைக்கும் போகும். முடிவு நமக்கு உவப்பாக அமையாவிட்டாலும் அதை மறைக்காமல் எழுத வேண்டும், அதுவும் அமானிதமே.

நம் வணிகர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஜமாஅத் நிதியிலிருந்து கல்லூரிக் கட்டணம் தருகிறீர்கள். அல்லாஹ் அதற்கு நற்கூலி தருவானாக. ஆனால் பங்குத் தொழில் எங்கே முறிகிறது என்று ஆராய வரும் மாணவருக்குக் கடையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட யாரும் முன்வருவதில்லை. பெயர்களை மறைத்துவிட்டு ஐந்தாண்டுக் கணக்கைக் கொடுங்கள். பிரிந்துபோன பங்காளியின் கணக்கு இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.