தொட்டிக்குள் பவளம் வேண்டாம்

கடையில் கல்லாவுக்குப் பக்கத்திலும் வீட்டுக் கூடத்திலும் மீன் தொட்டி வைப்பது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் உயிர்ப் பவளத்துடன் கடல்நீர்த் தொட்டி அமைக்க வணிக நண்பர்கள் சிலர் ஆசைப்படுவதாக அறிகிறேன். அவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

500 லிட்டர் தொட்டிக்கு, லிட்டருக்கு 35 கிராம் வீதம், பதினேழரை கிலோ உப்பு வேண்டும். நாம் விற்கும் அயோடின் உப்பு உதவாது. சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் சேர்ந்த தனி உப்பு. தண்ணீர் 26 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். கள்ளக்குறிச்சியின் சித்திரை வெயிலில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

செலவைக்கூடப் பொறுக்கலாம். இது கழுத்தில் அணியும் பவள மணி அல்ல, உயிருள்ள பிராணி. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி, 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கின. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல் பவளங்களும் சேர்க்கப்பட்டன. தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. "விலை கொடுத்துத்தானே வாங்கினேன்" என்பது எடுபடாது.

கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டை வந்தால், எங்கே எடுத்தது என்று கேட்டுத்தானே இறக்குகிறோம்? பவளத்துக்கு மட்டும் கேட்க வேண்டாமா?

கடல் மீன்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கோமாளி மீன் இருக்கிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைப் பொரிப்பகத்திலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறது. அப்படி வளர்த்த மீனா என்று கேட்டு வாங்குங்கள். அதற்குப் பவளம் தேவையில்லை. ஒதுங்கிக்கொள்ள நாலு மண்சட்டி ஓடு போதும்.