திருடன் போன பிறகு வருகிற வேன்!

திருடன் ஒரு வீட்டில் புகுந்தால் எதை எடுத்துக்கொண்டு போகிறான்?

நகை, பணம், கைக்கடிகாரம். போலீஸ் நிலையத்தில் எழுதும் புகாரில் இவை எல்லாம் வரிசையாக இருக்கும். ஆனால் எந்தப் புகாரிலும் எழுதப்படாத ஒன்றையும் அவன் எடுத்துக்கொண்டு போகிறான். அது தூக்கம்!

தனியாக வசிக்கும் ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது எண்பது. பிள்ளைகள் வெளியூரில். பின்பக்கக் கதவை உடைத்துக்கொண்டு திருடன் வந்து போய்விட்டான். போலீஸார் வந்தார்கள். கைரேகை எடுத்தார்கள். விவரம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். போய்விட்டார்கள். அவர்களுக்கு அடுத்த புகார் காத்திருக்கிறது.

அன்று இரவு பாட்டி என்ன செய்வார்? உடைந்த கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுப்பார். விளக்கை அணைக்கமாட்டார். காற்றில் ஜன்னல் ஆடினாலும் எழுந்து உட்காருவார். திருடன் ஒரு தடவைதான் வந்தான். பயம் தினமும் வருகிறது!

இந்தப் பயத்துக்கு மருந்து உண்டா? உண்டு. இங்கிலாந்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் கொடுத்துவரும் மருந்து மிகவும் சாதாரணமானது. ஒரு வேன், கைத்தொழில் தெரிந்த ஓர் ஆள், நாலைந்து பூட்டுகள். அவ்வளவுதான்!

யார் இந்த "பாபி"?

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் வில்ட்ஷயர் என்று ஒரு ஜில்லா இருக்கிறது. பிரமாண்டமான கற்களை வட்டமாக நட்டு வைத்த "ஸ்டோன்ஹெஞ்ச்" அங்கேதான் இருக்கிறது. 123 மீட்டர் உயரமுள்ள சாலிஸ்பரி மாதாகோவில் கோபுரமும் அங்கேதான்.

அந்த ஜில்லாவில் 1998-ம் ஆண்டு "வில்ட்ஷயர் பாபி வேன் டிரஸ்ட்" என்ற தர்ம ஸ்தாபனம் ஆரம்பிக்கப்பட்டது.

அது என்ன "பாபி"? லண்டன் நகரப் போலீஸ் படையை 1829-ம் ஆண்டு அமைத்தவர் ராபர்ட் பீல். அப்போது அவர் உள்நாட்டு மந்திரி. ராபர்ட் என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் "பாபி". மந்திரியின் பெயர் போலீஸ்காரர்களின் பெயராகிவிட்டது. இங்கிலாந்தில் போலீஸ்காரரை ஜனங்கள் அன்போடு "பாபி" என்று சொல்வார்கள்.

பாபி வேன் என்பது கைதியை ஏற்றும் வண்டி அல்ல. அது சக்கரம் வைத்த ஒரு சிறு பட்டறை. உள்ளே பூட்டு, தாழ்ப்பாள், கதவுச் சங்கிலி, ஜன்னல் பூட்டு, ரம்பம், திருப்புளி எல்லாம் இருக்கும். அதை ஓட்டிக்கொண்டு வருகிறவர் டிரஸ்டின் ஊழியர். அவருடைய நடத்தையைப் போலீஸார் விசாரித்து, நல்லவர் என்று சொன்ன பிறகே அவரை வீடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

அறுபது வயதைத் தாண்டியவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், வீட்டுக்குள்ளேயே அடி உதைக்கு ஆளான பெண்கள் ஆகியோருக்காகவே இந்த வேன் ஓடுகிறது. யாருக்கு அவசரம் என்பதைப் போலீஸாரும் தெரிவிக்கிறார்கள். பூட்டுக்கும் கூலிக்கும் காசு கேட்பதில்லை.

வேலை பூட்டோடு முடிந்துவிடுவதும் இல்லை. புகை எழுந்தால் அலறும் கருவியைப் பொருத்துகிறார்கள். டெலிபோனிலும் இணையத்திலும் பேசி ஏமாற்றுகிறவர்களிடம் சிக்காமல் இருப்பது எப்படி என்றும் முதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பூட்டு போட்டால் திருட்டு நிற்குமா?

"பூட்டை உடைக்கத் தெரியாதவனா திருடன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு ராச்டேல் நகரம் பதில் சொல்லுகிறது.

மாஞ்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது ராச்டேல். அங்கே கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் சுமார் 2,000 வீடுகள். 1980-களின் நடுவில் அங்கே திருட்டு தாங்க முடியவில்லை. போலீஸாரும், கல்லூரி ஆராய்ச்சியாளர்களும், நகரசபையும் கூடி உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். இரண்டு உண்மைகள் தெரிந்தன.

முதல் உண்மை: திருடன் ஒரு தடவை புகுந்த வீட்டுக்கே திரும்பவும் வருகிறான். அதுவும் சீக்கிரமாகவே வருகிறான். வழி தெரிந்த வீடு அல்லவா?

இரண்டாவது உண்மை: பல வீடுகளில் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் காசு போடும் பெட்டி இருந்தது. வீட்டுக்காரர் போட்ட காசு பெட்டியிலேயே கிடக்கும். திருடனுக்கு அது உண்டியல்!

உண்டியலை எடுத்துவிட்டு வேறு மீட்டர் வைத்தார்கள். திருட்டுப்போன வீடுகளுக்கு முதலில் பூட்டு மாட்டினார்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களை ஒரு கண் வைத்திருக்கச் சொன்னார்கள். மூன்று ஆண்டுகளில் திருட்டு ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்துவிட்டது! பக்கத்துப் பகுதிகளுக்குத் திருட்டு இடம் மாறிப் போனதாகவும் தெரியவில்லை.

ஆகவே, திருடன் போன பிறகு வேன் வருவது "வெள்ளம் போன பின் அணை போடும்" வேலை அல்ல. அடுத்த வெள்ளத்துக்கு முன் போடும் அணை அது.

பணம் யாருடையது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வரலாம். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு பகுதி போலீஸ் நிர்வாகமும் உள்ளாட்சி சபைகளும் கொடுப்பது. மீதி, பொதுமக்களும் நிறுவனங்களும் கொடுக்கும் நன்கொடை. அந்த ஜில்லாவில் சொந்த வீடு உள்ள அரசி கமிலா, பட்டத்துக்கு வருவதற்கு முன்பிருந்தே இந்த டிரஸ்டை ஆதரித்து வருபவர்.

இங்கிலாந்தில் இன்னொரு வேடிக்கையான ஏற்பாடும் உண்டு. திருடர்களிடமிருந்து போலீஸார் பிடித்த பொருள்களில் சிலவற்றுக்குச் சொந்தக்காரர் யார் என்றே தெரியாது. அவற்றை விற்றுப் பணமாக்க 1897-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்கிறது. அந்தப் பணத்திலிருந்து தர்ம காரியங்களுக்குக் கொடுக்கிறார்கள். திருடன் தூக்கிய சைக்கிள், எங்கோ ஒரு குழந்தைகள் சங்கத்துக்குப் பந்தாக மாறுகிறது!

ஆனால், போலீஸும் நன்கொடையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். வரத்தான் வேண்டும். ஊரில் பெரிய பணக்காரர் ஒருவர் போலீஸுக்கு லட்சம் லட்சமாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவர்மீதே ஓர் ஏழை புகார் கொடுத்தால் என்ன ஆகும்? எழுதுகிற பேனா கொஞ்சம் தயங்காதா? வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

போலீஸ் நிர்வாகம் நன்கொடை வாங்குவதை இங்கிலாந்தின் 1996-ம் ஆண்டுப் போலீஸ் சட்டமே அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிப்பது எல்லாம் நல்ல வழி ஆகிவிடாது. அதைவிட, நடுவில் ஒரு தர்ம ஸ்தாபனம் இருப்பதே மேல்.

ஏன்? மூன்று காரணங்கள்.

ஒன்று: பணம் போலீஸ் நிலையத்து மேஜைக்குப் போவதில்லை. பூட்டாக மாறி, பாட்டியின் கதவுக்குப் போகிறது.

இரண்டு: கணக்கு வெளிச்சத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் தர்ம ஸ்தாபனங்களைக் கண்காணிக்கத் தனிக் கமிஷன் உண்டு. ஆண்டு வருமானம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் கணக்கை அதற்கு அனுப்பியாக வேண்டும். அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மூன்று: வேன் யார் வீட்டுக்குப் போவது என்பதைக் கொடுத்தவரின் பெயர் தீர்மானிப்பதில்லை. கஷ்டப்படுகிறவரின் நிலைமைதான் தீர்மானிக்கிறது.

இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது தர்மம் அல்ல, வேறு ஏதோ வியாபாரம்!

சர்க்கார் தப்பித்துக்கொள்ளக் கூடாது

"ஜனங்களைக் காப்பது சர்க்காரின் கடமை. வரி கட்டவில்லையா? அதற்கு மேல் நன்கொடை எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் பாதி உண்மை இருக்கிறது.

திருடனைப் பிடிப்பதும், குற்றத்தை விசாரிப்பதும், ராத்திரியில் ரோந்து சுற்றுவதும் சர்க்காரின் வேலை. அதற்குத் தர்மப் பணத்தை எதிர்பார்ப்பது அவமானம். "தர்ம ஸ்தாபனம் இருக்கிறதே" என்று சொல்லி, போலீஸுக்குக் கொடுக்க வேண்டியதைக் குறைப்பது அதைவிடப் பெரிய அவமானம்.

ஆனால் மீதிப் பாதி என்ன? விறைப்பான உடுப்போடு வருகிறவரிடம் எல்லோரும் மனம் விட்டுப் பேசிவிட மாட்டார்கள். பூட்டு மாட்ட வந்தவரிடம் பேசுவார்கள். அவர் கதவைச் சரிசெய்கிற நேரத்தில் பாட்டி தேநீர் போடுவார். "அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். அவர் கேட்டுக்கொண்டே திருகாணியை முடுக்குவார். உடைந்து போன கதவோடு உடைந்து போன மனமும் கொஞ்சம் நேராகும்.

புருஷன் அடித்த அடியில் வீட்டை விட்டு ஓடாமல், அதே வீட்டில் குழந்தைகளோடு இருக்க விரும்பும் பெண்ணுக்கு வேண்டியது என்ன? பழைய சாவி இனிமேல் திறக்காது என்ற நிச்சயம். கோர்ட்டு உத்தரவு காகிதத்தில் இருக்கும். கதவைக் காக்கும் உத்தரவு அந்தப் புதுப் பூட்டுதான்!

ஒரு ஊர் பத்திரமாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எத்தனை திருடர்கள் ஜெயிலில் இருக்கிறார்கள் என்று எண்ணினால் போதாது. தனியாக இருக்கும் பாட்டி ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

கொடுக்கிற கைக்குப் பெயர் வேண்டாம். வாங்குகிற கைக்குக் கணக்கு வேண்டும். அப்படி வந்த பணத்தில் ஒரே ஒரு பூட்டு மாட்டினாலும், அன்று இரவு ஒரு வீட்டில் விளக்கு அணையும்.