வாய் திறப்பவருக்கு ஒரு காப்பு வேண்டும்

மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அவர்களுக்கு,



சிம்பாங் பூலாயிலிருந்து எழுதுகிறேன். சுபாங்கில் விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பராக வேலை செய்து ஓய்வுபெற்று, பிறந்த ஊருக்கே திரும்பியவன். மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருப்பார்கள். ஆனால் நான் பேசப்போவது யாரைப் பற்றியோ, அவர்களில் பலர் என் மக்கள். சிப்பாங்கிலும் பினாங்கிலும் பெட்டி ஏற்றி இறக்குகிறவர்கள், விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்கள், இரவு ஷிப்டில் சக்கரம் மாற்றுகிறவர்கள். தோட்டங்கள் கைமாறியபின் பட்டணத்துக்குப் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களும் இதைப் படிக்கவேண்டும்.

கேட்பது ஒன்றுதான். விமானத் தொழிலில் ஒரு தவறைப் பார்த்தவர், அல்லது தானே தவறு செய்துவிட்டவர், பயமில்லாமல் போய்ச் சொல்ல ஓர் இடம் வேண்டும். அது முதலாளியின் கையிலும் இருக்கக்கூடாது, லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரியின் கையிலும் இருக்கக்கூடாது. அதற்குச் சட்டத்தின் காப்பு வேண்டும்.

எல்மினா என்றதும் இன்று எல்லாருக்கும் 2023 ஆகஸ்ட் 17 நினைவுக்கு வரும். லங்காவியிலிருந்து சுபாங் நோக்கி வந்த சிறிய ஜெட் சாலையில் விழுந்து, அதிலிருந்த எட்டுப் பேரும் கீழே வண்டியில் போய்க்கொண்டிருந்த இருவரும் மாண்டார்கள். அதே எல்மினா ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்தில், 1977 செப்டம்பர் 27 அன்று, ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று அங்கே குன்றில் மோதி 34 பேர் இறந்தார்கள். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் முன்பே, அனுமதித்த உயரத்துக்கும் கீழே தலைமை விமானி இறங்கிவிட்டார். பக்கத்தில் இருந்த துணை விமானி அவரைத் தடுத்துக் கேட்கவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது.

பதினோரு ஆண்டு கழித்து, 1989 பிப்ரவரி 19-ல், ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம் பூச்சோங் பக்கத்தில் மலையில் மோதியது. 2,400 அடிக்கு இறங்கச் சொன்னதை 400 அடி என்று எடுத்துக்கொண்டார்கள். தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி அலறியும் யாரும் விமானத்தை மேலே தூக்கவில்லை. அதிலிருந்த நால்வரும் போனார்கள். வேறு ஓடுபாதையில், கருவி வழிகாட்டும் முறையில் இறங்கலாமே என்று துணை விமானி முன்னமே கேட்டிருந்தார். எடுபடவில்லை.

2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். சரியான உயரத்தைவிட மிக மேலே வந்துவிட்ட விமானத்தைத் தலைமை விமானி கீழே அழுத்திக்கொண்டு போகிறார். மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருவோம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். 158 உயிர்கள் போயின.

ஒருவர் பேசவில்லை. ஒருவர் பேசினார், எடுபடவில்லை. ஒருவர் மூன்று முறை சொன்னார். மூன்று நாட்டு விமானங்கள், ஒரே நோய். இதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், என் பெற்றோர் வாழ்ந்த தோட்டத்தைச் சொல்வேன். ரப்பர்ப் பால் நிறுவையில் குறை விழுந்தது தெரிந்தாலும் கணக்கெழுதும் கிராணி முன்னால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். திறந்தவருக்கு மறுநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில், ஏறி இறங்கச் சிரமமான மேட்டு நிரை கிடைக்கும். அந்தப் பயத்தை நாங்கள் தோட்டத்தோடு விட்டுவிட்டு வரவில்லை. ஹேங்கருக்குள்ளும் கொண்டுவந்தோம், அங்கே அது ஏற்கனவே குடியிருந்தது.

ஹேங்கரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். எங்கள் கருவிப்பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே பஞ்சில் ஒரு குழி வெட்டியிருக்கும். வேலை முடிந்ததும் எல்லாக் குழியும் நிறைந்திருக்கவேண்டும். ஒரு விடிகாலையில் ஒரு குழி காலி. வேலைக்குச் சேர்ந்து அதிகக் காலம் ஆகாத பையன் நேராக சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னான். விமானத்தை நிறுத்தினார்கள், தேடினார்கள், சக்கர அறைக்குள் ஸ்பேனர் கிடைத்தது. அது மடங்கும் சக்கரத்தில் சிக்கியிருந்தால் என்ன ஆகும் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். பயணிகளுக்குத் தாமதம். அடுத்த வாரம் பையனுக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. அவனைப் பாராட்டி ஒரு சொல் வரவில்லை.

அதன்பிறகு அங்கே என்ன நடந்தது தெரியுமா? வேறொருவர் கருவி ஒன்றைத் தொலைத்தபோது, கடையில் அதே அளவில் ஒன்று வாங்கிவந்து குழியை நிரப்பிவைத்தார். பெட்டி ஒழுங்காக இருந்தது. பதிவேடும் ஒழுங்காக இருந்தது. தொலைந்த ஸ்பேனர் எந்த விமானத்துக்குள் பறந்ததோ.

2019 நவம்பரில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் மலேசியாவை வான் பாதுகாப்பில் இரண்டாம் தரத்துக்கு இறக்கியபோது நீங்கள்தான் அமைச்சர். 2022 அக்டோபரில் முதல் தரம் திரும்பக் கிடைத்தது. அதற்கு உழைத்த அதிகாரிகளை மனமார மதிக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட தணிக்கை சட்டத்தையும் பரிசோதகர்களின் பயிற்சியையும் பதிவேட்டையும் பார்க்கும். கடையில் வாங்கிய அந்த ஸ்பேனர் அதன் கண்ணில் படாது.

அமெரிக்காவே இதைப் பட்டுத்தான் கற்றது. 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ விமானம் ஒன்று வாஷிங்டனுக்கு அருகே மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதற்கு ஆறு வாரம் முன்பு, யுனைடெட் விமானம் ஒன்று அதே மலையை, அதே குழப்பத்தால், நூலிழையில் தப்பியிருந்தது. அதன் விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. அடுத்த நிறுவனத்துக்குச் செய்தி போகவே இல்லை. அடுத்த ஆண்டு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தானே புகார் வாங்கத் தொடங்கியது. லைசென்ஸைப் பிடுங்கக்கூடியவரிடம் போய் யார் தன் தவறைச் சொல்வார்? எடுபடவில்லை. 1976-ல் அந்தப் பொறுப்பை நாசாவிடம் கொடுத்தார்கள். நாசாவுக்கு யாரையும் தண்டிக்க அதிகாரம் கிடையாது. படிவத்தில் பெயர் எழுதும் பகுதியைத் தனியே கிழித்து, தேதி முத்திரை குத்தி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதன்பின் யார் எழுதியது என்பதற்கு அவர்களிடமே தடயம் இல்லை. வேண்டுமென்று செய்யாத தவறாக இருந்து, பத்து நாளுக்குள் சொல்லியிருந்தால், அந்தத் துண்டுச் சீட்டைக் காட்டித் தண்டனையிலிருந்து தப்பலாம். குற்றச்செயலுக்கும் விபத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. அதுதான் நியாயம்.

நம்மிடம் என்ன இருக்கிறது? 2010-ஆம் ஆண்டின் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஊழலைக் காட்டிக்கொடுப்பவருக்கு அது உதவும். ஆனால் சொல்கிறவர் தாமே அந்தச் செயலில் பங்கெடுத்திருந்தால் பாதுகாப்பை ரத்துசெய்ய அதே சட்டம் இடம் தருகிறது. ஸ்பேனரைத் தொலைத்துவிட்டுத் தானே போய்ச் சொல்லும் பையன் அதற்குள் எங்கே ஒதுங்குவான்? லைசென்ஸ் தருவதும் விதிமீறலுக்கு நடவடிக்கை எடுப்பதும் பொது வான் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம். 2025 ஆகஸ்ட் 1 முதல் மாவ்கோம் எனும் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்புகளும் அதனிடம் சேர்ந்துவிட்டன. கை பெரிதாகப் பெரிதாக, அதன் கதவைத் தட்டச் சின்ன மனிதருக்குத் தயக்கமும் கூடும். விபத்தை ஆராயும் பிரிவும் உங்கள் அமைச்சின் கீழேயே இயங்கிவந்திருக்கிறது. அதையும் பிரித்து நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும்படி வைக்கவேண்டும் என்பது என் கருத்து.

எம்எச்370 பற்றி எழுதாமல் மலேசியர் யாரும் இப்படி ஒரு மடலை முடிக்க முடியாது. 2014 மார்ச் 8 அதிகாலை 1.21-க்கு ரேடார் திரையிலிருந்து மறைந்த விமானத்துக்காக மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தை இயக்கியபோது மணி 5.30 ஆகிவிட்டது. 2018 ஜூலையில் வந்த அறிக்கை கட்டுப்பாட்டு நிலையத்தின் குறைகளைச் சொன்னது, சிஏஏஎம் தலைவர் பதவி விலகினார். அன்றிரவு அந்த அறையில் மனசுக்குள் 'இது சரியில்லை' என்று நினைத்த இளையவர் யாராவது இருந்திருந்தால், அதை மூத்தவரிடம் சொல்லும் சூழல் இருந்ததா? இன்று இருக்கிறதா? தலைவர் மாறினால் சூழல் மாறிவிடாது.

சாலையிலும் இதே கதைதான். எங்கள் ஊர்க் கல்லுடைப்புக் குவாரி லோரிகளின் பிரேக் எப்படி என்று முதலில் தெரிந்தவர் ஓட்டுநர்தான். 2025-ல் நம் பேராவில் தெலுக் இந்தானில் கல் லோரி மோதி 9 காவலர்கள், அடுத்த மாதம் கெரிக்கில் பேருந்து கவிழ்ந்து 15 மாணவர்கள் மாண்டார்கள். பயமில்லாமல் சொல்ல ஓர் இடம் ஓட்டுநர்களுக்கும் வேண்டும். விமானத்திலிருந்து தொடங்குங்கள்.

தண்டிக்கும் அதிகாரம் இல்லாத ஒரு பொதுப் பல்கலைக்கழகத்திடம் புகார் வாங்கும் பொறுப்பை ஒப்படையுங்கள். படிவம் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் இருக்கட்டும், எழுதத் தெரியாதவர் தொலைபேசியில் சொல்லட்டும். பெயர் நீக்கிய புகார்களை மாதம்தோறும் ஒரு தாளில் அச்சிட்டு, சிப்பாங் முதல் ஈப்போவின் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் வரை, ஊழியர்கள் சாப்பிடும் இடத்தில் ஒட்டவேண்டும். எழுதியது வீண்போகவில்லை என்று கண்ணால் பார்த்தால்தான் அடுத்தவர் எழுதுவார். நேர்மையாகச் சொன்ன தவறுக்காகக் காரணம் கேட்டுக் கடிதம் அனுப்பும் நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கும் பிரிவு சட்டத்தில் வரவேண்டும்.

படிவத்தின் தமிழ் வடிவத்தை எழுதிக்கொடுக்க நான் தயார். என்னைப்போல் ஓய்வுபெற்ற தொழில்நுட்பர்கள் ஈப்போ வட்டாரத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். சம்பளம் வேண்டாம். நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் இதற்கு உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர்,
சிம்பாங் பூலாய், பேரா