உறங்கும் இளவரசியும் நைட் ஷிப்டும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஆண்டு மலருக்கு ஓர் அறிவியல் கட்டுரை தருவதாகத்தான் பேராசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். ஆனால் பொங்கல் விடுமுறையில் நடந்த ஒன்று மனத்தைவிட்டு அகல மறுக்கிறது. அதையே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

அக்காவுக்குப் பிள்ளைகள் இருவர். மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு நான்கு. மாமா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் அக்கா, அம்மா, நான் மூவரும் அவர்களை அழைத்துக்கொண்டு சென்னைக்குத் தெற்கே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். மாமாவுக்கு அன்று வேலை. மின்சார ரயில், பிறகு இரண்டு பஸ். வாயிலில் பிள்ளைகளின் உயரத்தை அளந்து டிக்கெட் கொடுத்தார்கள். மாமாவின் ஒரு வாரக் கூலி அங்கேயே கரைந்தது.

ராட்டினங்களுக்கு அப்பால் ஒரு மூலையில் தேவதைக் கதைப் பொம்மைகள். சிவப்புத் தொப்பிச் சிறுமியும் ஓநாயும். கண்ணாடிப் பெட்டியில் உறங்கும் இளவரசி. அவளைச் சுற்றி ஏழு குள்ளர்கள், ஒருவருக்கு மூக்கு உடைந்திருந்தது. பலகையில் ஆங்கிலத்தில் பெயர் மட்டும். "மாமா, இந்த அக்கா ஏன் தூங்குது?" என்றாள் மூத்தவள். பெயரை வாசிக்கத் தெரிந்த எனக்குக் கதை தெரியாது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான், விழித்தேன். அதற்குள் சின்னவன் சொன்னான்: "நைட் ஷிப்டு போயிட்டு வந்துச்சி. சத்தம் போடாத."

சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இரவெல்லாம் ஆலையில் நின்றுவிட்டுக் காலையில் படுக்கும் அப்பாவுக்காக, பகலில் வாய்பொத்தி விளையாடப் பழகிய பிள்ளை அவன்.

அப்போது அம்மா, காளான் வடிவச் சிமெண்ட் இருக்கையில் அமர்ந்தார். "ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கச்சி" என்று தொடங்கினார். அண்ணன்மார் காட்டுக்குப் போனார்கள், ராட்சசி வந்தாள், அவள் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருந்தது. ஜெர்மனியின் குள்ளர்கள் எங்கள் வீட்டு அண்ணன்மாராகிவிட்டார்கள். முன்பின் அறியாத நாலைந்து குழந்தைகளும் வந்து உட்கார்ந்துகொண்டன. கிளியைப் பிடிக்கும் நேரத்தில் காவலாளி விசில் ஊதி, "நகருங்க, நகருங்க" என்றார். அவர்மேல் குற்றமில்லை, போட்டோ எடுக்க வரிசை காத்திருந்தது.

என் கேள்வி இதுதான்: கதை சொல்ல ஆளும் நேரமும் இல்லாத இடத்தில் கதைப் பொம்மை எதற்கு? அது வெறும் சிமெண்ட். கிரிம் சகோதரர்கள் பிறர் சொல்லக் கேட்ட கதைகளையும் திரட்டித்தானே 1812இல் நூலாக்கினார்கள்? நம் கி.ராஜநாராயணன் கரிசல் காட்டுக் கதைகளைத் திரட்டியதும் மக்கள் வாயிலிருந்துதான். 1995இல் தாம்பரம் அருகே திறந்த பூங்காவுக்குக் 'கிஷ்கிந்தா' என்று இராமாயணப் பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கும் அளவுக்கு நம் கதைகள் ஆகும். பொம்மையாக நிற்க ஆகாதா?

பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டினார்களே டச்சுக்காரர்கள், அவர்களது நாட்டில் எஃப்டெலிங் என்றொரு பூங்கா உண்டு. ஊர் காட்ஸ்ஹூவல். செருப்புத் தொழிலாளர் நிறைந்திருந்த ஊர், நம் சிப்காட் வட்டாரம்போல உழைப்பாளிகளின் ஊர். 1950இல் ஓர் அறக்கட்டளை நிறுவி, 1952இல் பத்துக் கதைகளோடு ஒரு தேவதைக் கதைக் காட்டைத் திறந்தார்கள். ஆன்டன் பீக் என்ற ஓவியர் வரைந்து கொடுத்தார். 1966இல் அங்கே 'இந்தியத் தாமரைகள்' என்று ஒரு காட்சியும் சேர்ந்தது. அவர்கள் காட்டில் நமக்கு இடமிருக்கிறது. நம் ஊரில் நமக்கு இல்லை. வேடிக்கைதான்!

கும்மிடிப்பூண்டியிலோ பொன்னேரியிலோ ஓர் ஏக்கர் போதும். தெனாலிராமன், வேதாளம், ஏழு அண்ணன்மார் என்று பத்துப் பொம்மைகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு திண்ணை. மாலையில் ஊர்ப் பாட்டிமார் வந்து கதை சொல்ல ஒரு சிறு தொகை. பூங்காவுக்குக் கட்டணம் கூடாது.

"முதலில் குடிநீர், கழிப்பறை, பிறகு கதை" என்று நண்பர் ஒருவர் சொன்னார். நியாயமே. ஆயினும் குறிப்பிட்ட அளவுக்குமேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள், மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் கூறுகிறது. அதில் ஒரு துளி போதாதா? இரவுப் பணிக்கு அப்பாவை எடுத்துக்கொள்ளும் வட்டாரம், பிள்ளைக்கு ஒரு மாலைப்பொழுதைத் திருப்பித் தருவது பெரிய தர்மமா?

சென்ற ஞாயிறு மாமாவுக்கு ஓய்வு. பிள்ளைகள் கதை கேட்டார்கள். "ஏழு அண்ணன்மார்…" என்று தொடங்கியவர், ராட்சசி வருவதற்குள் உறங்கிப்போனார். சின்னவன் அவர் காதருகே குனிந்து, கிளியைப் பிடிப்பது வரைக்கும் மெல்லிய குரலில் சொல்லி முடித்தான்.