பொன்னாடை போதும், ஒரு பீரியட் வகுப்பு வையுங்கள்



டிக்கெட் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற சீசன் இது. கூடவே இன்னொரு சீசனும் தொடங்கிவிட்டது. பழைய மாணவர் சந்திப்பு! வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்கள் ஒவ்வொருவரும் வாட்ஸப்பில் குறைந்தது இரண்டு 'பேட்ச்' குழுக்களில் இருப்பார்கள். எங்கள் பி.காம். குழுவிலும் நிகழ்ச்சி நிரல் வந்துவிட்டது. படிப்பு முடித்து இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக ஓண விடுமுறையில் இரண்டு நாள் விழா.

முதல் நாள்: குத்துவிளக்கு, வரவேற்புரை, பழைய ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, எல்லோருக்கும் மெமெண்டோ, இலை போட்டுச் சாப்பாடு, குரூப் போட்டோ, கரோக்கே. இரண்டாம் நாள்: பூவாறில் படகுச் சவாரி, பிரியாணி, டாட்டா பைபை. நடுவில் ஒரே நிறத்தில் டி-ஷர்ட். இடம்: ஒரு ஹோட்டல் ஹால்.

எல்லாம் சரி. கல்லூரிச் சந்திப்பில் கல்லூரி எங்கே?

என் கருத்து எளிமையானது. இரண்டு நாளில் ஒரு அரை நாளைக் கல்லூரிக்குள்ளேயே வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் வகுப்பு, ஒரு மணி நேரம் வளாகத்தைச் சுற்றிப் பார்த்தல். மனைவி மக்களோடு. கரோக்கே, படகு, பிரியாணி எதையும் நான் பிடுங்கச் சொல்லவில்லை.

இதைக் குழுவில் எழுதினதும் நண்பன் ஒருவன் போன் போட்டான். "டேய், அம்பதைத் தொடப் போறோம். முட்டி வலிக்குதுன்னு அவனவன் அழறான். மறுபடியும் பெஞ்சில உட்கார வைக்கிறியே, உனக்கே நியாயமா இருக்கா?" என்றான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரீயூனியன் மிகப் பிரபலம். ஆரஞ்சும் கறுப்புமாகச் சட்டை போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்கள். எண்பது தொண்ணூறு வயதுக்காரர்களும் வருவார்கள். அதே நாட்களில் பேராசிரியர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து பேசும் கருத்தரங்குகளும் நடக்கும். கேம்பிரிட்ஜிலும் பழைய மாணவர்களுக்காகச் சொற்பொழிவுகளும் வளாகச் சுற்றுகளும் வைத்து விழா நடத்துகிறார்கள். கூத்தும் உண்டு, வகுப்பும் உண்டு. ஒன்றால் மற்றது கெட்டுப்போகவில்லை.

"அது நன்கொடை கறக்கிற வித்தை" என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டுமே! வங்கியில் கடன் கேட்டு வருகிறவரின் பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பார்த்து யாரும் பணம் கொடுப்பதில்லை. நேரில் போய்த் தொழிற்கூடத்தைப் பார்ப்போம். மிஷின் ஓடுகிறதா, சரக்கு இருக்கிறதா, ஆட்கள் வேலை செய்கிறார்களா என்று பார்ப்போம். நாம் மட்டும் கல்லூரி வாசலைக்கூட மிதிக்காமல் ஹோட்டல் மேடையில் அட்டை செக்கைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். பணம் எதற்குத் தேவை, புரொஜெக்டருக்கா, கழிப்பறைக்கா, நூலகத்துக்கா என்பது உள்ளே ஒரு நடை நடந்தால் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

சரி, வகுப்பு எதற்கு?

நாங்கள் ப்ரீ-டிகிரி இரண்டு வருஷம், பி.காம். மூன்று வருஷம் என்று ஐந்து வருஷம் ஒரே வளாகத்தில் இருந்தவர்கள். அந்த ப்ரீ-டிகிரி இன்று கல்லூரிகளில் இல்லை. நாங்கள் படித்தது 1956-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம். அது போய் 2013-ஆம் வருஷச் சட்டம் வந்தாயிற்று. நாங்கள் மனப்பாடம் செய்த எக்சைஸ், விற்பனை வரி சமாசாரங்களில் பெரும்பகுதியை 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விழுங்கிவிட்டது. திவால் சட்டம் 2016-ல் வந்தது. கேரளக் கல்லூரிகளில் 2024-ல் நான்கு வருஷப் பட்டப்படிப்பு தொடங்கியது. விரும்பினால் மூன்று வருஷத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம், நான்காவது வருஷமும் படித்தால் ஆனர்ஸ்.

இங்கே நம் வீடுகளில் பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊரில் சேர்ப்பதா, இங்கேயே சேர்ப்பதா, கனடாவா என்று சாப்பாட்டு மேஜையில் தினமும் விவாதம். "எங்க காலத்துல" என்று ஆரம்பித்து நாம் கொடுக்கிற ஆலோசனை கால் நூற்றாண்டுக்கு முந்தியது. இன்று அங்கே பாடம் எடுக்கிற ஆசிரியர் இரண்டாம் வருஷ மாணவர்களுக்கு எடுக்கிற வகுப்பையே நமக்கும் ஒரு மணி நேரம் எடுக்கட்டும். பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். பத்து கன்சல்டன்சி விளம்பரங்களைப் பார்ப்பதைவிட அது உபயோகம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு மரியாதை செய்வது நம் கடமை. இன்றைக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதை இன்றைய ஆசிரியர்தானே சொல்ல முடியும்?

இனி வளாகச் சுற்று. கரமனைக்காரர்கள் கொஞ்சம் காதைக் கொடுங்கள்.

நம் கரமனைத் தமிழ்க் குடும்பங்களின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டில் தமிழ், தெருமுனை தாண்டினால் மலையாளம், ஆபீசில் ஆங்கிலம். இங்கே வந்த பிறகு பிள்ளைகளுக்கு அந்த வீட்டுத் தமிழும் பேச்சோடு நின்றுவிட்டது. எழுத்து தெரியாது. தமிழ் படி என்றால் என் பெண் கேட்கிறாள்: "அப்பா, நாம கேரளாதானே? நமக்கு எதுக்குத் தமிழ்?" சென்னையைக் காட்டினாலும் மதுரையைக் காட்டினாலும் அவளுக்கு அது அடுத்த மாநிலம். அவளுடைய ஊரிலேயே தமிழுக்கு ஒரு விலாசம் காட்ட வேண்டும்.

அந்த விலாசம் கரமனையிலிருந்து சுமார் நாலு கிலோமீட்டர்தான். பஸ் ஏறிக் கிழக்கே கோட்டை, ஸ்டாச்சு தாண்டினால் பாளையத்துக்குச் சற்று முன்னால் யுனிவர்சிட்டி காலேஜ். நான் அங்கே படிக்கவில்லை. ஐந்து வருஷம் அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். அதைப் பற்றி வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை, வீட்டிலும் யாரும் சொன்னதில்லை.

1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதை நடத்த ஜான் ராபர்ட்ஸ் என்பவரை நாகர்கோவிலிலிருந்து வரவழைத்தார். அந்தப் பள்ளி 1866-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாக வளர்ந்தது. மகாராஜா கல்லூரி என்று பெயர். இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கட்டடம் 1873-ல் திறந்தது.

அங்கே படித்து 1876-ல் பி.ஏ. வாங்கியவர் சுந்தரம் பிள்ளை. 1880-ல் தத்துவத்தில் எம்.ஏ. அப்போது எம்.ஏ. என்பதே அதிசயம். ஊரில் அவரை 'எம்.ஏ. பிள்ளை' என்றே சொல்வார்களாம். பிறகு அதே கல்லூரியில் தத்துவப் பேராசிரியர் ஆனார். வேணாட்டு அரசர்களின் காலத்தைக் கல்வெட்டுகளை வைத்து ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதினார். 1891-ல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். அதன் தொடக்கத்தில் உள்ள வணக்கப் பாடலின் பகுதியைத்தான் தமிழ்நாடு அரசு 1970-ல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாகவும் அறிவித்தது. 1897-ல் அவர் இறந்தபோது வயது 42. என்னைவிடச் சின்னவர்!

இங்கே துபாயிலும் மஸ்கட்டிலும் நம் தமிழ் விழாக்களில் அந்தப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்கிறோம். அதை எழுதியவர் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் எம்.ஜி. ரோட்டில் உள்ள ஒரு கல்லூரியில் பாடம் எடுத்தவர் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

கதை அவரோடு முடியவில்லை. 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் வந்தது. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை 1950-களின் தொடக்கத்தில் அங்கே தமிழ்ப் பேராசிரியர். பின்னால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான வ.அய். சுப்பிரமணியம் திருவனந்தபுரத்தில் தமிழும் மொழியியலும் வளர்த்தவர். 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தன. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் தலைநகரம், இதுதான் பெரிய கல்லூரி. எல்லை மாறியது, தமிழ்த் துறை அங்கேயே நின்றது. இன்றும் யுனிவர்சிட்டி காலேஜில் தமிழ்த் துறை உண்டு. காரியவட்டம் வளாகத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையும் உண்டு, ஓலைச்சுவடி நூலகமும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. வளாகச் சுற்று என்றால் வெறும் புகழ் பாடுவதாக இருக்கக் கூடாது. கல்லூரிக்கு எதிரே உள்ள வி.ஜே.டி. ஹாலுக்கு 2019-ல் அய்யங்காளி பெயர் வைத்தார்கள். காந்தி 1937-ல் வெங்ஙானூருக்கு வந்தபோது, தான் சாவதற்குள் தன் சமூகத்தில் பத்துப் பேரையாவது பி.ஏ. பட்டதாரிகளாகப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொன்னவர் அய்யங்காளி. கல்லூரி தொடங்கி எழுபது வருஷம் கழித்து! சாலைக்கு இந்தப் பக்கம் எம்.ஏ. பிள்ளை கதை, அந்தப் பக்கம் இது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒரு டிகிரி என்றால் என்ன என்று பிள்ளைக்குப் புரியும். 2019 ஜூலையில் அதே கல்லூரி வளாகத்தில் ஒரு மாணவர் கத்தியால் குத்தப்பட்டதும் நாடறிந்த செய்தி. அதைப் பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் பேச வேண்டும். குறையை மறைத்துக் காட்டினால் அது டூரிஸ்ட் கைடு வேலை.

"எங்க காலேஜ்ல சுந்தரம் பிள்ளை எல்லாம் கிடையாதே" என்பார்கள். தேவையில்லை. கரமனையை ஒட்டி நீறமண்கரையில் என்.எஸ்.எஸ். பெண்கள் கல்லூரி இருக்கிறது. 1951-ல் தொடங்கியது. நம் தெருக்களில் அத்தை, சித்தி, பெரியம்மா என்று விசாரியுங்கள், அங்கே படித்தவர் ஒருவராவது கிடைப்பார். வீட்டை விட்டு நடந்து போகிற தூரத்தில் ஒரு கல்லூரி வந்ததால் படிக்க முடிந்த பெண்களின் கதை எந்தக் கல்வெட்டுக்கும் குறைந்ததல்ல. அந்த அத்தையே பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு "இதுதான் எங்க கிளாஸ்" என்று காட்டட்டும்.

செய்வது எப்படி? கணக்குப் பிள்ளை புத்தியோடு சில யோசனைகள்:

1. பிரின்சிபாலிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஓண விடுமுறையில் பூட்டிய கட்டடத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. விடுமுறை தொடங்குவதற்கு முந்திய வேலை நாளாகப் பாருங்கள்.

2. வகுப்பு ஒரு மணி நேரம்தான். நிஜ வகுப்பறை. மேடை, மாலை, வாழ்த்துரை கிடையாது. பேசுகிற ஆசிரியருக்கு உரிய சன்மானம் கொடுங்கள்.

3. சுற்றிக் காட்டுவது இப்போது படிக்கிற மாணவர்களாக இருக்கட்டும். பழைய ஆட்கள் வழி காட்டினால் எந்த மரத்தடியில் யார் யாரைக் காதலித்தார்கள் என்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

4. கூட்டம் அதிகமென்றால் இருபது இருபது பேராகப் பிரியுங்கள். மாடிப்படி ஏற முடியாதவர்களுக்குத் தரைத்தள அறை.

5. பிள்ளைகள் கையில் ஒரு பக்கத் தாள் ஒன்று கொடுங்கள், தமிழிலும் மலையாளத்திலும். இரண்டு எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றைத் தெரிந்த பிள்ளை மற்றதைத் தானே கூட்டிப் பார்க்கும்.

செலவு? டி-ஷர்ட் பட்ஜெட்டில் பாதிகூட ஆகாது.

நண்பர்களோடு சிரிக்க வருஷம் முழுக்க வாட்ஸப் இருக்கிறது. விமானத்துக்குக் காசைக் கொட்டி நாலாயிரம் குடும்பச் சிக்கலுக்கு நடுவே ஊருக்குப் போவது வாட்ஸப்பில் கிடைக்காததைப் பார்க்கத்தானே? அந்தக் கல்லூரி இன்னும் நடக்கிறது, அங்கே இன்றும் யாரோ பாடம் எடுக்கிறார்கள், யாரோ பஸ்ஸைப் பிடித்து வந்து கேட்கிறார்கள். அதைப் பார்க்காமல் திரும்பினால் நாம் பார்த்தது நம்மை மட்டும்தான்.

யுனிவர்சிட்டி காலேஜில் படித்தவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். இந்த வருஷச் சந்திப்புக்குத் தமிழ்த் துறையில் ஒருவரிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள். மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அந்தத் துறையைத் தேடிக்கொண்டு குடும்பத்தோடு யார் வருகிறார்கள்? வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும் இடமுண்டு என்றால் சொல்லுங்கள், என் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.